பெற்றோர் 7

இன்று எங்கள் வீட்டில் இறால் வாங்கியிருக்கிறார்கள். மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவர் படலையடியில் நின்று குரல் கொடுத்ததும் மனைவி சட்டியை எடுத்துக்கொண்டு போனார். இப்போது குசினியிலிருந்து அந்த மணம் முன்னறைவரை வந்துவிட்டது. நான் மேசையில் ஒரு பழுப்புநிறக் கடித உறையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வாரமாக அதைத் திறக்காமல் வைத்திருந்தேன். இறால் மணம் வந்த பிறகு திறக்காமல் இருக்க முடியவில்லை.

உள்ளே ஒரே ஒரு தாள். இடப்பக்கம் குறியீடுகள், வலப்பக்கம் பெயர்கள். 'பெற்றோர் 7' என்பதற்கு நேரே உங்கள் பெயர். ஆய்வு முடிந்து குறித்த காலம் கடந்ததும் இந்தத் தாளை அழித்துவிட வேண்டும் என்பது விதி. அந்தக் காலம் எப்போதோ கடந்துவிட்டது. நான் ஓய்வுபெற்ற பிறகும் என் அலுமாரி பல்கலைக்கழகத்தில் எங்கள் துறையிலே நின்றது. அதை எடுக்கப்போகிறோம், வந்து உங்கள் கடதாசிகளைக் கொண்டுபோங்கள் என்று சென்ற வாரம் தொலைபேசியில் சொன்னார்கள். போனேன். மற்றத் தாள்களை எல்லாம் அங்கேயே கிழித்துப் போட்டேன். இதைமட்டும் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு தன்னாமுனையிலுள்ள வீட்டுக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் களவெடுத்தவனைப் போல இருந்தது.

நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள். "இந்த ஒரு தாளுக்கா சேர் இவ்வளவு பயம்?" என்று கேட்டிருப்பீர்கள்.

என் வேலை என்னவென்று முதல் நாளே உங்களுக்கு விளங்கப்படுத்தப் பார்த்தேன். பாடசாலையும் ஊரும் எப்படிச் சேர்ந்து இயங்குகின்றன என்று பார்ப்பது. பங்காளித்துவம் என்று அதற்கு நாங்கள் பெயர் வைத்திருந்தோம். ஐந்து பாடசாலைகளைத் தெரிவுசெய்திருந்தேன். உங்களுடையது அவற்றில் ஆகச் சிறியது. வாவியின் மேற்குக் கரையில், படுவான்கரையில், ஒரு மருத மரமும் மூன்று வகுப்பறைகளும். ஊரின் பெயரை நான் இங்கேயும் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் சேலையின் கரை நனைந்தபடி வந்து, வகுப்பறையில் பிள்ளைகளின் சிறிய கதிரையில் உட்கார்ந்தீர்கள். நான் சம்மதப் படிவத்தை நீட்டி, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். உங்கள் பெயர் எங்கும் வராது, பாடசாலையின் பெயரும் வராது, உங்களுக்கு ஓர் இலக்கம் தருவோம், பாடசாலைக்கு ஓர் எழுத்து.

"என்ன சேர், ஆஸ்பத்திரியில துண்டு குடுக்கிற மாதிரி எங்களுக்கும் நம்பரோ?"

"உங்கட பாதுகாப்புக்குத்தான் தங்கச்சி."

"பேரை மறைக்க நான் என்ன களவெடுத்த ஆளா?"

கையொப்பம் மட்டும் போதும் என்று சொன்னேன். நீங்கள் முழுப் பெயரையும் எழுதி, அதன் கீழே ஊரையும் எழுதி, பிறகு கையொப்பம் வைத்தீர்கள். எழுத்துக்கள் கட்டத்துக்கு வெளியே போயின. அந்தப் படிவத்தை வேறொரு கோப்பில் பத்திரமாக வைக்க வேண்டுமே என்ற கவலை எனக்கு அப்போதே தொடங்கிவிட்டது. பிறகு நான் குறிப்பெடுக்க ஆரம்பித்ததும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"ஏன் சேர் பென்சிலால எழுதுறீங்க? மறுகா அழிக்கிறதுக்கா?"

பிழை வந்தால் திருத்தலாம் என்றேன். "நான் சொல்றதில பிழை வராது" என்றீர்கள்.

என் வினாக்கொத்தில் பெற்றோருக்கு இருபத்திரண்டு கேள்விகள் இருந்தன. கூட்டத்துக்கு வருகிறீர்களா, சிரமதானத்துக்கு வருகிறீர்களா, பிள்ளையின் கொப்பியைப் பார்க்கிறீர்களா என்று போகும். எல்லாவற்றுக்கும் ஓம், இல்லை என்று கெதியாகப் பதில் சொல்லிவிட்டு, "முடிஞ்சுதா?" என்று கேட்டீர்கள். பிறகுதான், எழுந்து நின்றுகொண்டு, நான் கேட்காத ஒன்றைச் சொன்னீர்கள். உங்கள் பாடசாலையின் ஆசிரியர்கள் எல்லோரும் எழுவான்கரையிலிருந்து, அதாவது வாவியின் மறுகரையிலிருந்து வருகிறவர்கள். மாரியில் ஆற்றுவாழைச் செடிகள் மிதந்து வந்து துறையை அடைத்துவிட்டால் ஓடப்பாதை ஓடாது. ஆட்களை ஏற்றும் அந்த இரும்பு மிதவை கரையிலேயே கட்டிக் கிடக்கும். முன்பெல்லாம் அப்படியான நாட்களில் ஆசிரியர்கள் வரமாட்டார்கள், பள்ளிக்கூடம் மூடிக் கிடக்கும். நீங்கள்தான் வீடு வீடாகப் போய், தோணி வைத்திருக்கிறவர்களிடம் முறை கேட்டு, ஒரு கொப்பியில் எழுதி வைத்தீர்கள். திங்கள் யார், செவ்வாய் யார் என்று. இரவு வலை போட்டுவிட்டுக் காலையில் வந்த மனிதர்கள், நித்திரை கொள்ளாமல், ஆற்றுவாழையைத் தடியால் ஒதுக்கிக்கொண்டு போய் ஆசிரியர்களை ஏற்றிவந்தார்கள். யாராவது முறைக்கு வராவிட்டால் நீங்களே தோணியைத் தள்ளிக்கொண்டு போவீர்கள். அன்றைக்குச் சேலை நனைந்திருந்ததும் அதனால்தான்.

"இது உங்கட பேப்பரில எந்தக் கேள்விக்கு வருது சேர்?"

எந்தக் கேள்விக்கும் வரவில்லை. தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். முப்பது வருடங்களுக்கு மேல் நான் செய்த ஆய்வுகளில் பங்காளித்துவம் என்ற சொல்லுக்குப் பொருளாக ஒன்றைக் காட்டச் சொன்னால் அந்தத் தாளின் பின்பக்கத்தைத்தான் காட்டுவேன். அன்று மாலை அந்தத் தோணியில் திரும்பி வரும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் உங்களிடம் சொல்லவில்லை.

அறிக்கை வெளிவந்ததும் ஒவ்வொரு பாடசாலைக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். உங்கள் பாடசாலை அதில் 'பாடசாலை இ'. உங்கள் வார்த்தைகள் நாற்பத்தோராம் பக்கத்தில் வருகின்றன. இன்றைக்கும் அந்தப் பக்கத்தைத் திறந்தால் என் முகம் சுடுகிறது. வாவி என்று எழுதினால் எந்த ஊர் என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்று 'நீர்நிலை' என்று எழுதியிருந்தேன். தோணி என்ற சொல்லை எடுத்துவிட்டு 'உள்ளூர்ப் போக்குவரத்து ஒழுங்கு' என்று போட்டிருந்தேன். ஒவ்வொன்றையும் ஏன் மாற்றினேன் என்று தனியாக ஓர் அட்டவணைகூடச் செய்து வைத்திருந்தேன். அவ்வளவு கவனம்.

அதற்கு அடுத்த வருடம்தான் உங்கள் பாடசாலையை மூடி, பிள்ளைகளை எழுவான்கரைப் பாடசாலையோடு சேர்க்கும் யோசனை வந்தது. பிள்ளைகள் குறைவு, ஊராருக்கும் பாடசாலையில் அக்கறை இல்லை என்று காரணம் சொல்லப்பட்டது. விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். உங்கள் கடைசி மகள் அப்போது நாலாம் வகுப்பு. நீங்கள் முறைக் கொப்பியை அவரிடம் காட்டியிருக்கிறீர்கள். இதை நீங்கள் நேற்று உட்கார்ந்துகூட எழுதியிருக்கலாம், வெளியாள் யாராவது சொல்ல வேண்டும் என்றிருக்கிறார். உடனே அதிபரின் அலுமாரியிலிருந்து என் அறிக்கையை எடுத்துக்கொடுத்திருக்கிறீர்கள்.

இதையெல்லாம் நீங்கள் சொல்லித்தான் அறிந்தேன். ஓடப்பாதையிலும் இரண்டு பஸ்களிலுமாகப் பல்கலைக்கழகத்துக்கு என்னைத் தேடி வந்தீர்கள். கையில் புல்லால் பின்னிய ஒரு பன்பை, அதற்குள் வாழையிலையில் சுற்றிய இறால். நீங்கள் கதவடியில் நின்றபோதே அறை முழுவதும் மணந்தது. பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார். ஆய்வில் பங்குபற்றியவரிடமிருந்து அன்பளிப்பு வாங்கலாமா என்று நான் யோசித்தேன். உண்மையாகவே அதைத்தான் முதலில் யோசித்தேன்.

"அவர் கண்ணாடியைக் கழட்டிக் கழட்டிப் பார்க்கிறார் சேர்," என்று அந்த அதிகாரியைப் போலவே கண்ணைச் சுருக்கிக் காட்டினீர்கள். "'இ' எண்டா எந்தப் பள்ளிக்கூடம் அம்மா? இலங்கையில எத்தினை பள்ளிக்கூடம் கிடக்கு? எண்டு கேட்கிறார். நான் சொன்னன், ஐயா இது நாங்கதான், இந்தா ஏழாம் நம்பர் நான்தான் எண்டு. சிரிக்கிறார்."

நான் சிரிக்கவில்லை.

"தோணி எண்ட சொல்லே இதில இல்லையே சேர். நான் உங்களுக்கிட்டத் தோணி எண்டுதானே சொன்ன?"

"ஓம் தங்கச்சி."

"சரி, அது போகட்டும். 'இ' எண்டது எங்கட பள்ளிக்கூடந்தான் எண்டு ஒரு துண்டில எழுதிக் கையெழுத்து வெச்சுத் தாங்க. வாற வெள்ளிக்குள்ள குடுக்கோணும். வெள்ளிக்கிழமை முடிவெடுக்கிறாங்களாம்."

ஒரு வரி. அது ஒரு வரிதான். மேசையில் கடதாசி இருந்தது, பேனை இருந்தது.

நான் உங்களுக்கு விதியை விளங்கப்படுத்தத் தொடங்கினேன். பாடசாலை எது என்று சொல்லிவிட்டால் அங்கே என்னோடு பேசிய மற்றவர்களும் வெளியே தெரிந்துவிடுவார்கள், அவர்களுக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறேன், பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழுவிடம் அனுமதி கேட்க வேண்டும் என்றேன். அது பொய்யில்லை. உங்கள் பாடசாலையில் மூன்றே மூன்று ஆசிரியர்கள். அவர்களில் ஒருவர், கணிதம் படிப்பித்த ரீச்சர், மேலிடத்தைப் பற்றிச் சில கசப்பான விஷயங்களை என்னிடம் சொல்லியிருந்தார். 'பாடசாலை இ' எது என்று தெரிந்துவிட்டால் அதைச் சொன்னவர் யார் என்று கண்டுபிடிக்க அரை மணித்தியாலம் போதும். அவருக்கு இடமாற்றம் வரலாம். இதை உங்களிடம் சொல்லவும் முடியாது, ஏனென்றால் அதுவும் இரகசியம்.

"என்ட பேரை நான்தானே தாறன்," என்றீர்கள். "அதுக்கும் ஆரிட்டயும் கேட்கோணுமா?"

கேட்கவேண்டும் என்றேன். நீங்கள் பன்பையை மேசையில் வைத்துவிட்டு எழுந்தீர்கள். நான் இறாலை வாங்கிக்கொண்டேன். ஒரு வரியைத் தரவில்லை.

அன்று பிற்பகலே விண்ணப்பம் எழுதினேன். மூன்று பிரதிகள், நான்கு பின்னிணைப்புகள். குழு மாதத்துக்கு ஒருமுறைதான் கூடும் என்பது எனக்குத் தெரியாததல்ல. வியாழன் பின்னேரம் நீங்கள் தொலைபேசி எடுத்தீர்கள்.

"என்ன சேர், எழுதியாச்சா?"

"விண்ணப்பம் அனுப்பியிருக்கிறன் தங்கச்சி. இன்னும் பதில் வரயில்ல."

துறையில் நின்று பேசினீர்கள் போல, காற்று மட்டும் கேட்டது.

"சரி சேர். நீங்களும் என்ன செய்வீங்க."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். நீங்கள் எனக்காக இரங்கிப் பேசினீர்கள். வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு நானே போய் நின்றிருக்கலாம். துண்டு வேண்டாம், ஆளாகப் போய், இவர்கள் சொல்வது உண்மை, நான் கண்டேன் என்று சொல்லியிருக்கலாம். அந்த எண்ணம் எனக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை வந்தது. குழுவின் பதில் அதற்கும் பிறகு வந்தது. சம்பந்தப்பட்ட எல்லோரும் எழுத்தில் சம்மதித்தால் ஆட்சேபனை இல்லை என்று இரண்டு வரிகள். அதற்குள் உங்கள் பாடசாலையின் கதிரைகளைத் தோணியில் ஏற்றி மறுகரைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நீங்கள் முறை வைத்து ஓட்டிய அதே தோணிகளிலேதான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அதன் பிறகு நான் உங்களைப் பார்க்க வரவில்லை. வந்து என்ன சொல்வது என்று ஒவ்வொரு முறையும் யோசித்தேன், சொல்ல வேண்டியதை ஒழுங்காக எழுதி வைத்துக்கொண்டு போகலாம் என்று நினைத்தேன், எழுதினேன், சரியில்லை என்று கிழித்தேன். ஓய்வுபெற்றேன்.

சென்ற வருடம் மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் அந்தக் கணித ரீச்சரைக் கண்டேன். தலை நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் சிரித்துக்கொண்டு வந்து நலம் விசாரித்தார். பேச்சோடு பேச்சாக, பல வருடம் உள்ளே வைத்திருந்ததை அவரிடம் சொன்னேன். "உங்களை நினைச்சுத்தான் ரீச்சர், அந்தத் துண்டை நான் எழுதிக் குடுக்கயில்ல" என்றேன்.

"எனக்காகவா சேர்? நீங்க ஒரு கோல் எடுத்துக் கேட்டிருந்தா நான் ஓம் எண்டிருப்பனே. நான்தானே அந்தத் தோணியில வந்தவ."

ஒரு தொலைபேசி அழைப்பு. அவருடைய இலக்கம் என் கொப்பியில் இருந்தது. குழுவிடம் கேட்டேன், அதன் செயலாளரிடம் கேட்டேன், விதிக் கோவையைப் புரட்டினேன். கேட்கவேண்டியவரிடம் கேட்கவில்லை. ரீச்சருக்குப் பயந்தேனா, எனக்குப் பயந்தேனா என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். எனக்குப் பயந்தேன் என்பதுதான் சரியாக இருக்கும் என்று தோன்றுகிறது. அதுவும் நிச்சயமில்லை.

பிறகு அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "உங்களுக்குத் தெரியாதா சேர்? அவ போயிட்டா. நெஞ்சு வருத்தம். வாற கிழமை முப்பத்தொண்டு."

முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வந்தேன். ஓடப்பாதை ஓடிக்கொண்டிருந்தது. துறையிலிருந்து உங்கள் வீட்டுக்குப் போகும் வழியில் பாடசாலை. மருத மரம் நிற்கிறது. ஒரு வகுப்பறையில் யாரோ வைக்கோல் அடுக்கியிருக்கிறார்கள். உங்கள் வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். நான் ஓரமாக நின்றேன். ஒரு பெண் பிள்ளை வந்து கதிரை தந்து, "நீங்க ஆர்? அம்மாக்கு என்ன முறை?" என்று கேட்டது. கண்ணைச் சுருக்குவது உங்களைப் போலவே இருந்தது.

என்ன முறை என்று சொல்வது? "கெம்பஸில இருந்து வந்து அம்மாவோட கதைச்சனான்" என்றேன்.

"ஓ, புத்தகம் எழுதின சேரா!"

உங்கள் கடைசி மகள். எழுவான்கரைப் பாடசாலைக்கு மாரி நாட்களில் போக முடியாமல் போய்ப் போய், பாடங்கள் விட்டுப்போய், ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டதாம். இப்போது கார்மென்ட்ஸில் வேலை. இதையெல்லாம் அந்தப் பிள்ளை எந்தக் குறையும் இல்லாமல் சொன்னது. பிள்ளைகள் போகமுடியாத நாட்களில் தோணி ஓட்ட ஏன் முறை வைக்கவில்லை என்று கேட்டேன். "ரீச்சர்மாரெண்டா மூண்டு பேர், ஒரு தோணி காணும். பிள்ளைகள் எண்டா எத்தினை தோணி வேணும் சேர்? அதோட, பிள்ளைகளை ஏத்த ஆருக்கும் துணிவு இல்ல" என்றது. அதைக் கேட்டிருக்க வேண்டியதில்லை. ஆய்வாளனின் பழக்கம்.

பிறகு உள்ளே போய் ஒரு பொலித்தீன் பையைக் கொண்டுவந்தது. அதற்குள் என் அறிக்கை. பாடசாலையை மூடியபோது அதை நீங்கள் எடுத்துக்கொண்டு வந்துவிட்டீர்களாம். நாற்பத்தோராம் பக்கம் தானாகவே விரிந்தது. நீலப் பேனையால், 'பாடசாலை இ' என்று வந்த இடமெல்லாம் அதை வெட்டி, மேலே பாடசாலையின் பெயரை எழுதியிருந்தீர்கள். 'நீர்நிலை' வெட்டி, வாவி. 'உள்ளூர்ப் போக்குவரத்து ஒழுங்கு' என்பதன் மேல் பெரிய எழுத்தில், தோணி. 'பெற்றோர் 7' என்று இருந்த ஒவ்வோர் இடத்திலும் உங்கள் முழுப் பெயர். சம்மதப் படிவத்தில் எழுதியதைப் போலவே எழுத்துக்கள் ஓரத்துக்கு வெளியே போயிருந்தன. ஒன்றையும் நீங்கள் தவறவிடவில்லை. என் அறிக்கையை இவ்வளவு கவனமாக யாரும் வாசித்ததில்லை.

"அம்மா தான்தான் இது எண்டு சொல்லுவா," என்றது உங்கள் மகள். "நாங்க பகிடி பண்ணுவம். இதில நம்பர்தானே கிடக்கு, நீங்க சும்மா உங்கட பேரை எழுதி வெச்சிருக்கிறீங்க எண்டு. சேர், உண்மையா இது அம்மா சொன்னதுதானா?"

பந்தலில் ஐயர் ஏதோ கேட்டார், யாரோ தேங்காய் உடைத்தார்கள். நான் விதியை நினைத்தேன். அந்த இடத்திலும் நினைத்தேன்.

"ஓம் மகள்," என்றேன். "இது அம்மா சொன்னது. இது உங்கட பள்ளிக்கூடம்."

பிள்ளையின் முகம் ஒரு கணம் மாறியது. பிறகு யாரோ கூப்பிட, புத்தகத்தை என் மடியில் விட்டுவிட்டு எழுந்து போனது. அந்த ஒரு வரிக்காக நீங்கள் இரண்டு பஸ் ஏறி வந்தீர்கள். நான் அதைச் சொன்னபோது கேட்க அந்தப் பிள்ளை மட்டும்தான் இருந்தது. அதனால் எதுவும் திறக்கப்போவதில்லை.

இப்போது குசினியில் சட்டியை இறக்கிவிட்டார்கள். சாப்பிட வரச்சொல்லி இரண்டு முறை குரல் வந்துவிட்டது. தாள் முன்னால் கிடக்கிறது. அழித்தால், உங்கள் பெயரும் 'பெற்றோர் 7' என்பதும் ஒன்று என்று சொல்ல என் பக்கத்தில் ஒன்றும் இராது. வைத்திருந்தால், நான் கொடுத்த வாக்கை மீறியவன். இரண்டில் எது சரி என்று உங்களிடம் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்பது எனக்குத் தெரியும். அது தெரிந்தும் என் கை இன்னும் தாளின் மேலேயே கிடக்கிறது.

என்னிடமும் அறிக்கையின் பிரதி ஒன்று இருக்கிறது. அதை எடுத்து நாற்பத்தோராம் பக்கத்தைத் திறந்தேன். 'உள்ளூர்ப் போக்குவரத்து ஒழுங்கு' என்பதை வெட்டித் தோணி என்று எழுதினேன். அது தயங்காமல் வந்துவிட்டது. பிறகு, 'பெற்றோர் 7' என்று இருக்கும் இடத்தின் மேல் உங்கள் பெயரை எழுதினேன். முழுப் பெயர், கீழே ஊர். ஓரத்துக்கு வெளியே போகாமல், சிறிய எழுத்தில்.

பென்சிலால்தான் எழுதினேன், தங்கச்சி.